நிறம் சொல்லும் அவகாசம்

காரில் ஏறி உட்கார்ந்து, இன்ஜினை இயக்காமல் சாவியை ஒரு படி மட்டும் திருப்பிப் பாருங்கள். ஸ்டியரிங்குக்குப் பின்னால் கார்த்திகைக்கு அகல் ஏற்றியது போல ஒரு வரிசை எரியும். சிவப்பில் எண்ணெய்க் கேன், சிவப்பில் பேட்டரி, வட்டத்துக்குள் ஓர் ஆச்சரியக்குறி, மஞ்சளில் இன்ஜின் படம், ஏபிஎஸ் என்ற எழுத்துகள், மடியில் பெரிய பந்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மனிதர். சில நொடிகளில் சில அணையும். இன்ஜின் ஓடத் தொடங்கியதும் மற்றவையும் அணையும். இது பள்ளிக்கூடத்தில் காலையில் வருகைப் பதிவு எடுப்பது போன்ற காரியம். ஆனால் அந்த நேரத்தில் நாம் பெல்ட்டைத் தேடிக்கொண்டிருக்கிறோம், அல்லது கைப்பேசியைச் சார்ஜரில் மாட்டிக்கொண்டிருக்கிறோம். எரிய வேண்டிய நேரத்தில் எரியாத விளக்கு, பெயர் கூப்பிட்டும் ‘உள்ளேன் ஐயா’ சொல்லாத பையன். அவனைப் பற்றிக் கடைசியில் பேசுகிறேன். முதலில், ஓடும் வண்டியில் திடீரென்று எரியும் விளக்கைப் பார்ப்போம்.

இந்த விளக்குகளை நாம் நோயின் பெயராகப் படிக்கிறோம். பேட்டரி படம் எரிந்தால் பேட்டரி போய்விட்டது, இன்ஜின் படம் எரிந்தால் இன்ஜின் போய்விட்டது என்று பொருள் கொள்கிறோம். பிறகு ஒன்று, பயந்துபோய் பெரிய செலவுக்குத் தயாராகிறோம். அல்லது வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது என்று விளக்கை மறந்துவிடுகிறோம். இரண்டு தவறுகளும் ஒரே இடத்திலிருந்து பிறப்பவை என்பது என் வாதம். இந்த விளக்குகள் நோயின் பெயரைச் சொல்வதற்காகச் செய்யப்படவே இல்லை. கையில் இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று சொல்வதற்காகச் செய்யப்பட்டவை. படம் இடத்தைக் காட்டுகிறது. நிறம் அவகாசத்தைச் சொல்கிறது. காரணத்தை இரண்டுமே சொல்வதில்லை. நிறத்தை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் உற்றுப் பார்ப்பதால்தான் நமக்கு இத்தனை குழப்பம்.

இதற்கு வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. பழைய கார்களில் விளக்குகள் குறைவு, முள்கள் அதிகம். எண்ணெய் அழுத்தத்துக்கு ஒரு முள், மின்னோட்டத்துக்கு ஒரு முள், வெப்பத்துக்கு ஒரு முள். 1930-களில் அமெரிக்காவின் ஹட்சன் நிறுவனம் முள்ளை எடுத்துவிட்டு விளக்கை வைத்தது. கார்ப் பிரியர்கள் இவற்றுக்கு ‘முட்டாள் விளக்கு’ என்றே பட்டப்பெயர் சூட்டினார்கள். முள் படிப்படியாகச் சரிவதைக் கண்டு முன்கூட்டியே உஷாராகலாம். விளக்கோ எல்லாம் முடிந்த பிறகுதான் எரியும் என்பது அவர்கள் குறை. குறை நியாயமானதுதான். ஆனால் முள்ளைப் படிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர்? முள் தருவது அளவு. அந்த அளவு நல்லதா கெட்டதா என்று ஓட்டுபவர்தான் தீர்மானிக்க வேண்டும். விளக்கில் அந்தத் தீர்மானத்தைப் பொறியாளர் முன்பே எடுத்து வைத்துவிட்டார். பின்னாளில் ஐஎஸ்ஓ 2575 என்ற பன்னாட்டுத் தரநிலை படங்களையும் நிறங்களையும் வரையறுத்தது: சிவப்பு என்றால் ஆபத்து, மஞ்சள் என்றால் எச்சரிக்கை, பச்சை என்றால் இயல்பாக இயங்குகிறது, நீலம் என்றால் ஹைபீம். எந்த நாட்டில் செய்த காரானாலும் ஏறக்குறைய இதே மொழிதான். படங்களுக்கு வயதாகிவிட்டது என்பது வேறு விஷயம். மூக்கு நீண்ட அந்த எண்ணெய்க் கேனைத் தையல் மிஷின் வைத்திருக்கும் வீட்டில்தான் இன்று பார்க்கலாம். டயரில் காற்று குறைவதைக் காட்டும் படத்தைக் குதிரை லாடம் என்று நினைப்பவரை நான் குறை சொல்ல மாட்டேன். நிறத்துக்கு அந்தச் சங்கடம் இல்லை.

அவகாசம் என்பதன் முழுப் பொருளையும் அறிய எண்ணெய் விளக்கைப் போல வேறொன்று உதவாது. இன்ஜினுக்குள் கிராங்க் ஷாஃப்ட் பேரிங்கின் மேல் உட்கார்ந்து சுழல்கிறது என்று சொல்கிறோம். உண்மையில் அது பேரிங்கைத் தொடுவதே இல்லை. இரண்டுக்கும் நடுவே தலைமுடியை விட மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்று இருக்கிறது. உலோகம் அந்தப் படலத்தின் மேல் மிதந்துகொண்டு சுழல்கிறது. பம்ப் அழுத்தத்தோடு எண்ணெயை அனுப்பிக்கொண்டே இருக்கும்வரைதான் அந்த மிதப்பு. அழுத்தம் விழுந்தால் உலோகம் உலோகத்தை உரசும். நெடுஞ்சாலையில் இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 50 சுற்று. அடுத்த பெட்ரோல் பங்க் வரை போய்விடலாம் என்று ஐந்து நிமிடம் ஓட்டினால், உலர்ந்த பேரிங்குக்குள் 15,000 சுற்றுகள். இன்ஜின் சீஸ் ஆவதற்கு அவ்வளவு தேவையே இல்லை. ஆகவே அந்தச் சிவப்புக்கு அவகாசம் கிடையாது. வண்டியை ஓரம் கட்டி இன்ஜினை அணைக்கும் நேரம் மட்டும்தான். அடுத்த பங்க் எவ்வளவு தூரம் என்ற கணக்குக்கே அங்கே இடமில்லை.

இந்த விளக்கைப் பற்றி இன்னொரு தவறான எண்ணமும் உண்டு: எண்ணெய் குறைந்தால் எரியும் என்று. இதன் வயர் போய்ச் சேருவது எண்ணெய்த் தொட்டிக்கு அல்ல, அழுத்தத்தை உணரும் ஒரு சின்ன ஸ்விட்ச்சுக்கு. தொட்டியில் எண்ணெய் பாதியாகக் குறைந்தாலும் பம்பின் வாய்க்கு எண்ணெய் எட்டும்வரை ஸ்விட்ச் வாய் திறக்காது. எண்ணெய் குறைந்த வண்டி கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது, திருப்பத்தில் எண்ணெய் ஒருபக்கம் ஒதுங்கி, பம்ப் ஒரு கணம் காற்றை இழுக்கும். விளக்கு மினுக்கென்று எரிந்து அணையும். நேர்ச் சாலைக்கு வந்ததும் ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். அந்த மினுக்கலை ‘லூஸ் கனெக்‌ஷன்’ என்று தள்ளிவிடுபவர், தானாக வந்த ஓர் அவகாசத்தைத் தள்ளிவிடுகிறார். டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்ப்பதற்கு இந்த விளக்கு மாற்று ஆகாது. டிப்ஸ்டிக் வாரக்கணக்கில் அவகாசம் தருவது, விளக்கு நொடிக்கணக்கில்.

விளக்கைப் பார்த்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அவகாசம் எவ்வளவு என்பது. இரண்டாவது கேள்வி இதுதான்: இதன் வயர் எங்கே போகிறது? 1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில், இந்தக் கேள்வியைக் கேட்காததன் விளைவை உலகமே பார்த்தது. அழுத்தம் குறைக்கும் வால்வு ஒன்று திறந்தபடியே சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறையில் அதற்கான விளக்கு அணைந்திருந்தது. வால்வு மூடிவிட்டது என்று ஊழியர்கள் நம்பினார்கள். அந்த விளக்கு காட்டியதோ, மூடுவதற்கான மின் ஆணை போய்விட்டது என்பதை மட்டுமே. வால்வு உண்மையில் மூடியதா என்பதை அல்ல. இரண்டு மணி நேரத்துக்கு மேல் குளிர்நீர் வெளியேறிக்கொண்டே இருந்தது. உலையின் உட்பகுதியில் பெரும் பங்கு உருகியது. விளக்கு பொய் சொல்லவில்லை. அது சொன்ன சின்ன உண்மையைக் கேட்டவர்கள் பெரிய உண்மையாக எடுத்துக்கொண்டார்கள்.

நம் கார்களிலும் இதே கதை அளவில் சிறிதாக நடக்கிறது. பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கின் வயர் ஆல்டர்நேட்டருக்குப் போகிறது. இன்ஜின் ஓடும்போது சுமார் 14 வோல்ட் தந்து பேட்டரியை நிரப்ப வேண்டியது அது. அந்த வரவு நின்றுவிட்டது என்பதே செய்தி. புதுப் பேட்டரி வாங்கி மாட்டினாலும் விளக்கு அப்படியே எரியும். இதன் அவகாசம் எண்ணெய் விளக்கினது போல் நொடிகள் அல்ல. பேட்டரியில் இருப்பு உள்ளவரை, ஏசியையும் பாட்டையும் நிறுத்தினால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக. ஆனால் வண்டியை வழியில் அணைத்துவிட்டால் மறுபடி செல்ஃப் எடுக்காமல் போகலாம். இதற்குள்ளும் ஒரு விதிவிலக்கு உண்டு. பல வண்டிகளில் ஆல்டர்நேட்டரைச் சுற்றும் அதே பெல்ட்தான் தண்ணீர் பம்பையும் சுற்றுகிறது. பெல்ட் அறுந்து விளக்கு எரிந்திருந்தால், சற்று நேரத்தில் வெப்பமும் ஏறும். அப்போது ஓட்டவே கூடாது.

பிரேக் விளக்கின் கதை இன்னும் நுட்பமானது. ஹேண்ட் பிரேக்கை விடுவித்த பிறகும் வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி சிவப்பாக எரிந்தால், பிரேக் ஆயில் மட்டம் இறங்கியிருக்கலாம். ஒரு பாட்டில் வாங்கி ஊற்றுகிறோம், விளக்கு அணைகிறது, வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். பிரேக் ஆயில் மூடிய குழாய்க்குள் இருப்பது. இன்ஜின் ஆயிலைப் போல எரிந்து தீர்வதில்லை. அது எங்கே போனது? பிரேக் பேட் தேயத் தேய, பிஸ்டன் வெளியே நகர்ந்து, அது விட்ட இடத்தை ஆயில் நிரப்புகிறது. அதாவது மட்டம் இறங்கியதே பேட் தேய்ந்ததன் அடையாளமாக இருக்கலாம். இல்லையென்றால் எங்கோ கசிகிறது. ஊற்றி நிரப்பியவர் விளக்கின் வாயை அடைத்துவிட்டார். பின்னர் புதுப் பேட் போடும்போது பிஸ்டன் உள்ளே தள்ளப்பட்டு, ஊற்றிய ஆயில் பொங்கி வழிந்து பெயின்ட்டையும் அரிக்கும். ஏபிஎஸ் விளக்கு மஞ்சளில் தனியாக எரிந்தால் பிரேக் வழக்கம்போல் பிடிக்கும். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் வசதி மட்டும் இல்லை. அதோடு சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் பிரேக் விசையைப் பகிர்ந்து தரும் ஏற்பாடும் போயிருக்கலாம். அப்போது வண்டி நகரக் கூடாது.

வெப்ப விளக்கில், விளக்கை விட அதன் பிறகு நாம் செய்வதுதான் ஆளைக் காயப்படுத்துகிறது. கூலன்ட் மூடிய பாதைக்குள் அழுத்தத்தில் இருப்பதால், 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கிறது. சூடான வண்டியில் ரேடியேட்டர் மூடியைத் திறந்த கணமே அழுத்தம் விழுந்து, உள்ளே இருப்பது நீராவியாகி முகத்தில் பாயும். இன்ஜினை அணைத்துவிட்டு, ஆறும்வரை மூடியில் கை வைக்காதிருப்பதுதான் வழி. இந்த விளக்கின் பலவீனத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். உணர்வி அளப்பது கூலன்ட்டின் சூட்டை. கூலன்ட் முழுதும் கசிந்து உணர்வி காற்றில் நின்றால், இன்ஜின் வெந்துகொண்டிருக்கும்போது விளக்கு பேசாமல் இருக்கக்கூடும். சிக்கனம் கருதிப் பல சின்னக் கார்களில் வெப்ப முள்ளை எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் ‘முட்டாள் விளக்கு’ என்று திட்டிய பழைய காலத்தவரோடு நானும் சேர்ந்துகொள்கிறேன்.

இப்போது எல்லாருடைய தூக்கத்தையும் கெடுக்கும் செக் இன்ஜின் லைட். என் வாதத்துக்கு மிகக் கடினமான சோதனை இதுதான். இது மஞ்சள், ஆனால் இதன் அவகாசம் ஒரு மணி நேரமா, ஒரு மாதமா என்று நிறத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஏன் இப்படி? இந்த விளக்கு ஓட்டுபவருக்காகப் பிறந்ததே அல்ல. லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தைக் கண்ணெரிச்சலில் ஆழ்த்திய புகைமூட்டம் எங்கிருந்து வருகிறது என்று ஆராய்ந்தவர் ஆரி ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியலாளர். அதற்குமுன் அன்னாசிப்பழத்தின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்தவர். கார்ப் புகையும் வெயிலும் சேர்ந்துதான் அந்த மூட்டத்தை உண்டாக்குகின்றன என்று 1950-களின் தொடக்கத்தில் அவர் காட்டினார். அதன் நீட்சியாக வந்த சட்டங்களில் ஒன்றுதான், வண்டி தன் புகைக் கட்டுப்பாட்டைத் தானே கண்காணித்து விளக்கெரித்துக் காட்ட வேண்டும் என்பது. கலிபோர்னியாவில் 1988 மாடல் கார்களிலிருந்து முதல் கட்டமும், அமெரிக்கா முழுதும் 1996 மாடலிலிருந்து இரண்டாம் கட்டமும் கட்டாயமாயின. இந்தியாவில் பிஎஸ்-4 புகை விதிகளின் கீழ் 2010 ஏப்ரலிலும் 2013 ஏப்ரலிலும் இவை வந்தன. வண்டி வெளியேற்றும் நச்சு வரம்பை மீறப்போகிறது என்பதே இந்த விளக்கின் அடிப்படைச் செய்தி. தெருவில் நடப்பவருடைய நுரையீரலின் சார்பில், உங்கள் வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும் சாட்சி இது. ‘வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது’ என்பது அந்தச் சாட்சிக்குப் பதில் ஆகாது.

அப்படியிருந்தும் இதற்கும் ஓர் அவகாசக் குறி கொடுத்திருக்கிறார்கள்: நிலையாக எரிவது ஒன்று, விட்டுவிட்டு எரிவது இன்னொன்று. சிமிட்டினால் பெரும்பாலும் இன்ஜின் கடுமையாக மிஸ் அடிக்கிறது என்று பொருள். சிலிண்டரில் எரியாத பெட்ரோல் புகைக்குழாய் வழியே போய், புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் எரிகிறது. அதன் தேன்கூட்டு வடிவப் பீங்கான் உருகத் தொடங்கும். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய பொருள் அது; சில நூறு ரூபாயில் முடிந்திருக்கக்கூடிய ஸ்பார்க் பிளக் வேலை, பல்லாயிரம் ரூபாய்க்குப் போவது இந்தச் சிமிட்டலைப் பொருட்படுத்தாததால்தான். சிமிட்டினால் வேகத்தைக் குறைத்து, முடிந்தவரை சீக்கிரம் நிறுத்துங்கள். நிலையாக எரிந்தால், வண்டியின் ஓட்டத்தில் மாற்றம் இல்லாதவரை, சில நாட்களுக்குள் ஒர்க்‌ஷாப்புக்குப் போனால் போதும். ஆனாலும், தளர்ந்த ஒரு கனெக்டருக்கும் செத்துக்கொண்டிருக்கும் கன்வெர்ட்டருக்கும் ஒரே மஞ்சள் என்பது வடிவமைத்தவர்களின் குறைதான். அதை ஓட்டுபவரின் அறியாமை என்று நான் சொல்ல மாட்டேன்.

இந்த இடத்தில் அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவர் எழுந்து மறுக்கலாம்: “சார், பாதி நேரம் அது வெறும் சென்சார் கம்ப்ளெயின்ட்தான்.” சென்சார் கெடுவது உண்டு. ஆனால் பல பிழைகளுக்கு, அடுத்தடுத்த இரண்டு பயணங்களில் அதே குறையைக் கண்ட பிறகுதான் கணினி விளக்கையே ஏற்றுகிறது; அவசரப்பட்டு அலறும் சாட்சி அல்ல அது. மேலும், கணினி பதியும் பிழைக் குறியீடு ஒரு சென்சாரின் தகவலிலிருந்து வந்தால் அந்தச் சென்சார்தான் குற்றவாளி என்று முடிவு கட்டுவதில் ஒரு பிழை இருக்கிறது. பி0171 என்ற குறியீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். காற்றோடு ஒப்பிடப் பெட்ரோல் குறைவு என்று ஆக்சிஜன் சென்சார் சொல்கிறது. ஆக்சிஜன் சென்சாரையே மாற்றிவிடுகிறார்கள். ஆனால் ரப்பர்க் குழாய் விரிசல்விட்டுக் காற்று உள்ளே நுழையலாம். பெட்ரோல் பம்ப் தளர்ந்திருக்கலாம். காற்றை அளக்கும் சென்சாரில் அழுக்குப் படிந்திருக்கலாம். தீயைக் கண்டு சத்தம் போட்டவரைப் பிடித்து உள்ளே போடுவது போன்ற காரியம் இது.

இன்னொரு மறுப்பு, பழைய டிரைவர்களின் காதைப் பற்றியது. கார்புரேட்டர் காலத்தில் இன்ஜினின் சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொன்னவர்கள் இருந்தார்கள். அந்தத் திறமை மரியாதைக்குரியது. ஆனால் இன்றைய இன்ஜினை ஓட்டுவது கணினி. காற்று கூடினால் அது பெட்ரோலைக் கூட்டிச் சமன் செய்துவிடுகிறது. குறை வளர வளர ஈடுகட்டலும் வளர்கிறது. காதுக்கு எதுவும் எட்டாது. ஈடுகட்டும் எல்லை தாண்டும்போதுதான் விளக்கை ஏற்றுகிறது. ஆகவே ‘சத்தம் ஒன்றும் இல்லையே’ என்பது பிஎஸ்-6 வண்டியில் ஆறுதல் அல்ல.

கம்பெனிக்காரர்கள் சர்வீஸ் சென்டருக்கு ஆள் பிடிக்கத்தானே இதெல்லாம் என்று கேட்பவர்களும் உண்டு. ஸ்பானர் படம் போட்ட சர்வீஸ் நினைவூட்டலைப் பற்றி அப்படிச் சந்தேகப்பட்டால் நான் சண்டைக்கு வர மாட்டேன். பல வண்டிகளில் அது கிலோமீட்டரையும் நாளையும் எண்ணும் நாட்காட்டி. மற்ற விளக்குகளுக்கு அந்தக் குற்றச்சாட்டு பொருந்தாது. அதோடு, சர்வீஸ் சென்டரில் ஏமாறாமல் இருப்பதற்கான வழியும் செக் இன்ஜின் விளக்கில் இருக்கிறது. ஸ்டியரிங்குக்குக் கீழே 16 ஊசி கொண்ட ஒரு சாக்கெட் உண்டு. சாதாரண விலையில் கிடைக்கும் ஸ்கேனரைச் செருகினால் குறியீட்டை எவரும் படிக்கலாம். எழுதி வைத்துக்கொண்டு போகலாம். அந்த ஸ்கேனரில் ‘அழி’ என்ற பொத்தானும் இருப்பதுதான் தொல்லை. அழித்தால் விளக்கோடு சேர்ந்து, கோளாறு நடந்த கணத்தில் இன்ஜினின் வேகம், சூடு, சுமை எல்லாவற்றையும் கணினி எழுதி வைத்த பதிவும் போய்விடும். நோயாளியின் கேஸ் ஷீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு டாக்டரிடம் அழைத்துப் போவதற்குச் சமம்.

நகரத்துக்குள்ளேயே டீசல் காரை ஓட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை. பிஎஸ்-6 டீசல் கார்களின் புகைக்குழாயில் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி இருக்கிறது. அந்தக் கரி எரிந்து தீர சுமார் 600 டிகிரி சூடு வேண்டும். கிண்டிக்கும் தி.நகருக்கும் ஊர்ந்துகொண்டே இருந்தால் அந்தச் சூடு வராது; மஞ்சள் விளக்கு வரும். கையேடு சொல்லும் வேகத்தில் புறவழிச்சாலையில் சிறிது நேரம் சீராக ஓட்டினால் பெரும்பாலும் தானே அணைந்துவிடும். நிறுத்தாதே, ஓட்டு என்று கேட்கும் விளக்கு இது. அலட்சியம் செய்தால் வண்டி வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பிறகு ஒர்க்‌ஷாப்பில்தான் தீர்வு.

நிறுத்து என்று சிவப்பு சொல்வதையும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். 1972 டிசம்பர் 29 இரவு மயாமியில் இறங்க வந்த ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் 401 விமானத்தில், முன்சக்கரம் இறங்கியதைக் காட்டும் விளக்கு எரியவில்லை. விமானி அறையில் இருந்தவர்கள் அந்த விளக்கையே ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். விமானம் மெல்லத் தாழ்ந்ததை யாரும் கவனிக்கவில்லை. சதுப்புநிலத்தில் விழுந்து 101 பேர் இறந்தார்கள். சக்கரம் சரியாகவே இறங்கியிருந்தது. பல்பு மட்டும் எரிந்துபோயிருந்தது. நான்குவழிச் சாலையில் நடுத்தடத்தில் சிவப்பைக் கண்டவுடன் பிரேக்கை மிதிப்பவர், பின்னால் வரும் லாரியை மறந்தவர். கண்ணாடியைப் பார்த்து, இண்டிகேட்டர் போட்டு, ஓரத்துக்கு வந்து, பிறகு விளக்கை ஆராயலாம்.

விளக்கைப் புரிந்துகொள்வதை விட, அதன் வாயை அடைப்பதில் நாம் கெட்டிக்காரர்கள். சீட் பெல்ட் போடாமல் எச்சரிக்கைச் சத்தத்தை மட்டும் நிறுத்தும் கிளிப்புகள் இணையக் கடைகளில் தாராளமாக விற்றன. 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து இணைய வணிக நிறுவனங்களுக்கு எதிராக உத்தரவிட்டது; 13,000-க்கும் மேற்பட்ட விற்பனைப் பதிவுகள் நீக்கப்பட்டன. வாங்க ஆள் இல்லாமல் இத்தனை பதிவுகள் வந்திருக்காது.

வருகைப் பதிவில் பதில் சொல்லாத பையனுக்கு இப்போது வருகிறேன். பழைய கார் வாங்கப் போகும்போது பெயின்ட்டைத் தட்டிப் பார்க்கிறோம், டயரை உதைத்துப் பார்க்கிறோம். சாவியை ஒரு படி திருப்பி ஏர்பேக் விளக்கைப் பார்ப்பவர் குறைவு. ஒருமுறை வெடித்த ஏர்பேக்கை மாற்றச் செலவு அதிகம். விளக்கைப் பிடுங்கிவிட்டால் செலவில்லை. அப்படிச் செய்த வண்டியில் சாவியைத் திருப்பும்போதுகூட அந்த விளக்கு எரியாது. இன்னும் சாமர்த்தியசாலிகள் அதன் வயரை எண்ணெய் விளக்கோடு சேர்த்துக் கட்டிவிடுவார்கள், அதையும் கண்டுபிடிக்கலாம். இன்ஜினை இயக்காமல் காத்திருங்கள். ஒழுங்கான வண்டியில் எண்ணெய் விளக்கு எரிந்துகொண்டே இருக்க, ஏர்பேக் விளக்கு சில நொடிகளில் தனியாக அணையும். இரண்டும் சேர்ந்தே எரிந்து, இன்ஜின் ஓடியதும் சேர்ந்தே அணைந்தால், விலை பேசுவதை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.